கடற்போர் விளையாட்டின் கப்பல் தரவுத்தளத்தைப் பராமரிப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு ஒரு வழிகாட்டி

கடற்போர் விளையாட்டில் ஒரு கப்பல் ஏறுமாறாக நடந்துகொண்டால் எல்லோரும் முதலில் திட்டுவது விளையாட்டின் நிரலைத்தான். தோண்டிப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் தரவுத்தளத்தில் இருக்கும். யாரோ காலியாக விட்ட ஒரு புலம், மீட்டர் என்று நினைத்து அடித்த கெஜம், 1985இல் பொருத்திய பீரங்கியைச் சுமந்துகொண்டு 1982 போருக்குப் போகும் கப்பல் என்று ஏதாவது ஒன்று.

அப்படியொரு தரவுத்தளத்தை இன்னொருவரிடமிருந்து வாங்கிப் பராமரிக்கப் போகிறவருக்காக எழுதியது இது. உதாரணங்கள் எல்லாம் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போரிலிருந்து. இரண்டு பக்கமும் கப்பல்கள் எண்ணக்கூடிய அளவில் இருக்கின்றன, ஆவணங்கள் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டன. புதியவர் விழக்கூடிய குழிகளும் அதில் ஏறக்குறைய எல்லாமே உண்டு. தரவுத்தளம் எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தள வடிவம்) கோப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விரிதாளில் வைத்திருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒரு முன்னெச்சரிக்கை. நீங்கள் ஆடுவது ‘கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ்’ போன்ற வணிக விளையாட்டு என்றால் அதன் தரவுக் கோப்பில் கைவைக்காதீர்கள். அதைத் திருத்துவது தயாரித்தவர்களின் வேலை. பிழையைச் சான்றோடு எழுதி அனுப்புவதுதான் உங்கள் வேலை. அந்தக் கோப்பிலிருந்து எண்களை மொத்தமாக அள்ளி உங்கள் தரவுத்தளத்தில் கொட்டுவதும் வேண்டாம். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்களுடைய பிழைகளும் சேர்ந்தே வந்துவிடும்.

1. என்ன வேண்டும், என்ன செலவாகும்

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். தரவைத் திறந்து பார்க்க டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட், கணக்குக்கு லிப்ரே ஆபிஸ், மாற்றங்களைத் தடம்பிடிக்க கிட். மூன்றும் இலவசம்.

செலவு வைப்பது புத்தகங்கள். உலகப் போர்க்கப்பல்களைப் பட்டியலிடும் ஜேன்ஸ் நூலின் ஆண்டுப் பதிப்பு புதிதாக வாங்க நம் கைக்கு எட்டாது. உங்கள் போர் எந்த ஆண்டோ அதற்கு முந்தைய ஆண்டுப் பதிப்பையும் அடுத்த இரண்டு ஆண்டுப் பதிப்புகளையும் பழைய புத்தகமாகத் தேடுங்கள். மூன்று ஏன் என்பது நான்காவது படியில் வரும். பெரிய நூலகம் பக்கத்தில் இருந்தால் வேண்டிய பக்கங்களை மட்டும் நகலெடுத்தால் போதும்.

நேரக் கணக்கு: கோப்பையும் அட்டவணைகளையும் புரிந்துகொள்ள இரண்டு மாலைகள். ஒரு புதிய கப்பல் ரகத்தைச் சான்றோடு சேர்க்க மூன்று, நான்கு மணி நேரம். இருக்கும் பதிவில் ஒரு எண்ணைத் திருத்திச் சோதிக்க அரை மணி. எண்ணை மாற்ற ஒரு நிமிடம்தான் ஆகிறது, மீதி நேரம் அந்த எண்ணை நம்பலாமா என்று பார்ப்பதில் போகும். பத்து நிமிடத்தில் ஒரு கப்பலைச் சேர்த்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பதிவைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

2. தொடுவதற்கு முன் நகல்

கோப்பைத் திறக்காத நிலையில் நகலெடுங்கள். எஸ்க்யூலைட் சில அமைப்புகளில் புதிய மாற்றங்களை முதன்மைக் கோப்பில் உடனே எழுதாது; பக்கத்தில் ‘வால்’ (-wal) என்று முடியும் துணைக் கோப்பில் வைத்திருக்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசியாகச் செய்த வேலை நகலில் இருக்காது. எல்லா நிரலையும் மூடிவிட்டு, துணைக் கோப்பு மறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு நகலெடுங்கள்.

நகலின் பெயரில் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். ‘கடைசி’, ‘புதுக் கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்று பெயர் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

3. ஐடி எண்ணைத் தொடாதீர்கள்

பொதுவாக அட்டவணைகள் இப்படி இருக்கும்: கப்பல், விமானம், ஆயுதம், ஆயுதப் பீடம், வெடிமருந்துக் கிடங்கு, உணரிகள் (ரேடார், சோனார் வகையறா), விமானத்தின் ஆயுதச் சுமை. இவற்றை ஒன்றோடொன்று கோர்க்கும் இணைப்பு அட்டவணைகள் தனி. கப்பல் பதிவுக்குள் ‘எக்ஸோசெட்’ என்ற ஏவுகணையின் பெயர் இருக்காது. கப்பலிலிருந்து பீடத்துக்கு ஒரு எண், பீடத்திலிருந்து ஆயுதத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் இது சுற்றி வளைப்பதாகத் தோன்றும். பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிளாமோர்கனை நினைத்துப் பாருங்கள். 1982 ஜூன் 12 அன்று அந்தக் கப்பலைத் தாக்கியது கப்பலிலிருந்தோ விமானத்திலிருந்தோ வந்த ஏவுகணை இல்லை. கப்பலுக்காகச் செய்த எம்எம்38 எக்ஸோசெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, வண்டியில் ஏற்றிக் கரையிலிருந்து ஏவினார்கள். ஆயுதம் தனிப் பதிவாக இருந்தால் புதிதாக ஒரு தரைப் பீடத்தை எழுதி அதே ஏவுகணையோடு கோர்த்துவிடலாம். கப்பல் பதிவுக்குள்ளேயே ஏவுகணையின் வேகத்தையும் எடையையும் எழுதி வைத்திருந்தால் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

சினாரியோ கோப்புகள் (எந்தக் கப்பல் எங்கே, எந்த நிலையில் என்று ஆட்டத்தின் தொடக்கத்தை எழுதி வைத்தவை) கப்பலைப் பெயரால் அறியாது, ஐடி எண்ணால்தான் அறியும். அதனால் மூன்று விதிகள். ஒரு பதிவை ஒருபோதும் அழிக்காதீர்கள். ‘பயன்பாட்டில் இல்லை’ என்று குறியிடுங்கள். பழைய எண்ணை இன்னொரு கப்பலுக்குக் கொடுக்காதீர்கள். இடைவெளி அசிங்கமாக இருக்கிறதே என்று எண்களை வரிசைப்படுத்தாதீர்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷெஃபீல்டின் பழைய எண்ணை ஒரு எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுத்தால், பழைய சினாரியோவைத் திறப்பவர் கண்ணில் விமானந்தாங்கிக்குக் காவலாக எண்ணெய்க் கப்பல் முன்னால் போகும். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது.

எஸ்க்யூலைட்டில் இன்னொரு பொறி. இல்லாத ஆயுத எண்ணைப் பீடத்தில் எழுதினால் தடுக்கும் வெளிச்சாவிச் சோதனை அதில் இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அதைத் தனியாக இயக்க வேண்டும். சில கருவிகள் தாமே இயக்கிவிடும், சில இயக்காது. உங்கள் கருவியின் அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஆவணங்களைச் சேர்த்துத் தரம் பிரியுங்கள்

ஆண்டு நூல்களில் ஒரு கால இடைவெளி உண்டு. அட்டையில் இருக்கும் ஆண்டின் நிலையை உள்ளே எதிர்பார்க்காதீர்கள். தகவல் முந்தைய ஆண்டிலேயே திரட்டியதாக இருக்கும். திட்டமிட்ட மாற்றத்தை முடிந்ததாகவே எழுதியிருப்பதும் உண்டு. அதனால்தான் மூன்று பதிப்புகள். ஒரு கருவி முந்தையதில் இல்லாமல் பிந்தைய இரண்டிலும் இருந்தால், எப்போது பொருத்தினார்கள் என்பதை ஒளிப்படம் வைத்து உறுதிசெய்யுங்கள். தேதியுள்ள ஒளிப்படத்தை மிஞ்சிய சான்று இல்லை. கொடிமரத்தில் எந்த ரேடார் இருக்கிறது, மேல்தளத்தில் எத்தனை ஏவுபெட்டிகள் என்று எண்ணிவிடலாம்.

அதற்கு அடுத்த தரம் அதிகாரபூர்வ விசாரணை அறிக்கைகள். ஷெஃபீல்ட் பற்றிய விசாரணை அறிக்கை முதலில் 2006இல் பல பகுதிகள் கறுப்படிக்கப்பட்டுத்தான் வந்தது. முழு வடிவம் 2017இல் வெளியானது. பழையதை வைத்து எழுதிய பதிவுகளைப் புதியது வந்ததும் மறுபடி பார்த்தாக வேண்டும். அதே கப்பலைத் தாக்கிய எக்ஸோசெட்டின் வெடிமுனை வெடிக்கவில்லை என்பதுதான் அன்றைய முடிவு. பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறையின் 2015 மறு ஆய்வு வெடித்திருக்க வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தது. ஏவுகணையின் சேத எண்ணை ‘வெடிக்காமலே ஒரு கப்பலை முடித்தது’ என்று கணக்கிட்டு எழுதியவர் அதைத் திரும்பப் பார்க்க வேண்டியவர்தான்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நான்கு புலங்கள் வையுங்கள்: எந்த நூல், எந்தப் பக்கம், நம்பகத் தரம், கடைசியாகச் சரிபார்த்த தேதி. தரத்தைச் சிக்கலாக்க வேண்டாம். ‘அ’ என்றால் அதிகாரபூர்வ ஆவணம் அல்லது ஒளிப்படம். ‘ஆ’ என்றால் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு நூல்கள். ‘இ’ என்றால் ஒரே நூல், அல்லது ஊகம். இணையக் கலைக்களஞ்சியம் ‘இ’தான், அது எவ்வளவு அழகாக அடிக்குறிப்பு போட்டிருந்தாலும். அந்த அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போனால் ‘ஆ’ கிடைக்கக்கூடும்.

5. அளவைகள்

இதற்கு மட்டும் ஒரு தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். பிழைகளில் மிகுதி இங்கேதான் பிறக்கிறது.

ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். தரை மைல் 1,609 மீட்டர். அமெரிக்க நூலில் வெறுமனே ‘மைல்’ என்று இருந்தால் எது என்று முன்னுரையில் தேடுங்கள். ஒரு நாட் வேகம் மணிக்கு 1.852 கிலோமீட்டர். பிரிட்டிஷ் கப்பல்களின் எடை பழைய நூல்களில் நீள் டன்னில் இருக்கும்: 1,016 கிலோ. 4,100 நீள் டன் என்பது சுமார் 4,166 மெட்ரிக் டன். வெறும் கப்பலின் நிலையான எடை, முழுச்சுமை எடை என்று இரண்டு உண்டு. ஒரு பக்கத்துக் கப்பல்களுக்கு ஒன்றையும் எதிர்ப்பக்கத்துக்கு மற்றதையும் எழுதினால், எடையை வைத்துச் சேதம் கணக்கிடும் விளையாட்டில் ஒரு நாட்டுக் கப்பல்கள் காரணமே இல்லாமல் உறுதியாகிவிடும்.

டார்பிடோவைக் கிட்டத்தில் பார்க்கலாம். அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலை மூழ்கடிக்க பிரிட்டிஷ் நீர்மூழ்கி கான்கரர் பயன்படுத்தியது மார்க் 8 டார்பிடோ. நீர்மூழ்கியில் அதைவிடப் புதிய டைகர்ஃபிஷ் இருந்தும் பழையதைத்தான் எடுத்தார்கள். மார்க் 8க்கு நூல்கள் தரும் எண்கள் இரண்டு ஜோடி: 45.5 நாட் வேகத்தில் 5,000 கெஜம், 41 நாட் வேகத்தில் 7,000 கெஜம். அதாவது 4,572 மீட்டர், 6,401 மீட்டர். இங்கே புதியவர் இரண்டு தவறு செய்வார். 5,000 கெஜத்தை 5,000 மீட்டர் என்று அடித்தால் டார்பிடோவுக்கு 428 மீட்டர் இனாம். வேகப் புலத்தில் பெரிய எண்ணையும் தூரப் புலத்தில் பெரிய எண்ணையும் எடுத்துப் போட்டால் 45.5 நாட் வேகத்தில் ஆறரை கிலோமீட்டர் ஓடும் ஒரு டார்பிடோ பிறக்கும். அப்படியொரு மார்க் 8 எந்தக் கடற்படையிலும் இருந்ததில்லை. வேகமும் தூரமும் ஜோடியாகவே வரும், ஜோடியாகவே எழுதுங்கள். இரண்டு ஜோடிக்கு இடமில்லாத அட்டவணை என்றால் ஒரே ஆயுதத்துக்கு இரண்டு பதிவு போடுங்கள்.

எஸ்க்யூலைட்டின் குணம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எண் புலத்தில் ‘30 நாட்’ என்று எழுத்தோடு அடித்தாலும் அது மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பது அதன் கணக்கு. வேகத்தின்படி வரிசைப்படுத்தினால் உங்கள் சரக்குக் கப்பல் முதலிடத்தில் நிற்கும். எண் புலங்களில் எழுத்து கலந்திருக்கிறதா என்று வாரம் ஒரு முறை தேடுங்கள். விரிதாளிலிருந்து இறக்குமதி செய்தால் ‘4-5’ போன்றவை தேதியாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. ஒரு கப்பலை உள்ளிடுதல்: ஷெஃபீல்ட், மே 1982

தலைப்பில் தேதி இருப்பதைக் கவனியுங்கள். ஒரு பதிவு என்பது ஒரு கப்பல் இல்லை. ஒரு தேதியில் ஒரு கப்பல். தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு இரண்டையும் நிரப்பாமல் வேறு எதையும் நிரப்பாதீர்கள்.

உந்துவிசையில் தொடங்குவோம். ஷெஃபீல்டின் ரகமான டைப் 42இல் இரண்டு ஒலிம்பஸ், இரண்டு டைன் விசைச்சுழலிகள். டைன் சாதாரணப் பயணத்துக்கு, ஒலிம்பஸ் வேக ஓட்டத்துக்கு. ஒரு நேரத்தில் ஒன்றுதான், இரண்டும் சேர்ந்து இயங்காது. நான்கின் குதிரைசக்தியையும் கூட்டி எழுதினால் விளையாட்டு அதை வைத்து வேகம் கணக்கிட்டு முப்பது நாட் கப்பலை இன்னும் வேகமாக ஓட்டும். பயணத் தூரத்தையும் 18 நாட் வேகத்துக்கு உரியது என்று வேகத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

ஆயுதம்: ஒரு 4.5 அங்குல மார்க் 8 பீரங்கி, இரட்டைச் சீ டார்ட் (விமான எதிர்ப்பு ஏவுகணை) ஏவுபீடம், கிடங்கில் 22 ஏவுகணைகள், இரண்டு 20 மில்லிமீட்டர் துப்பாக்கிகள், ஒரு லிங்க்ஸ் ஹெலிகாப்டர். கிட்டே வரும் ஏவுகணையைச் சுடும் ஃபாலங்ஸ் துப்பாக்கி இந்த ரகக் கப்பல்களுக்கு வந்தது போருக்குப் பின்னால். 1982 பதிவில் அது இருந்தால் முந்தைய பராமரிப்பாளர் பிந்தைய நூலைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் வானைத் தேடும் ரேடாரும் 965க்குப் பதில் 1022 என்று இருக்க வாய்ப்பு அதிகம், அதையும் பாருங்கள். ஒரு பிழை தனியாக வருவதில்லை.

இனி எல்லோரும் சறுக்கும் இடம். சீ டார்ட்டை வழிகாட்ட 909 ரேடார் இரண்டுதான் கப்பலில் உண்டு. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு இலக்குகளுக்கு மேல் தாக்க முடியாது. பீடத்தையும் கிடங்கையும் மட்டும் எழுதி, பீடத்தை வழிகாட்டும் ரேடாரோடு கோர்க்க மறந்தால், ஆறு விமானம் வந்தால் ஆறையும் ஒரே நேரத்தில் குறிவைக்கும் கப்பல் கிடைக்கும். அர்ஜென்டினா விமானிகளுக்கு அப்படியொரு கப்பல் எதிரே நின்றதில்லை.

ஆன்டெனா உயரம் என்றொரு புலம் இருக்கும். யாரும் நிரப்ப மாட்டார்கள். ரேடாரின் தூரம் எத்தனை நூறு கிலோமீட்டராக இருந்தாலும் கடல் மட்டத்தை ஒட்டி வரும் ஏவுகணையைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். எங்கே தெரியும் என்பதற்குத் தோராயக் கணக்கு: ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் இலக்கின் உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12ஆல் பெருக்குங்கள். உயரம் மீட்டரில், விடை கிலோமீட்டரில். ஆன்டெனா 25 மீட்டர், ஏவுகணை 3 மீட்டர் என்றால் 5ம் 1.73ம் சேர்ந்து 6.73, விடை சுமார் 28 கிலோமீட்டர். நொடிக்கு 315 மீட்டர் வேகத்தில் வரும் எக்ஸோசெட்டுக்கு அது ஏறக்குறைய 88 நொடி. ஆன்டெனா உயரம் சுழியம் என்று கிடந்தால் விடை 7 கிலோமீட்டர், கையில் 23 நொடி. ஒரே ஒரு காலிப் புலம் ஒரு நிமிடத்துக்கும் மேலான நேரத்தைக் கப்பலிடமிருந்து பிடுங்கிவிடுகிறது.

அதற்காக உயரத்தை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அந்தக் காலத்து ரேடார்களுக்கு அலைகளின் எதிரொலியில் தாழ்ந்த இலக்கைப் பிரித்தறிவது கடினம். சீ டார்ட்டும் உயரத்தில் வரும் விமானத்துக்காகப் பிறந்தது. ‘குறைந்தபட்ச இலக்கு உயரம்’ என்ற புலத்தைச் சுழியமாக விடாதீர்கள்.

காலி, சுழியம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். காலி என்றால் ‘தெரியாது’ என்று நீங்கள் நினைப்பீர்கள். நிரல் அப்படி நினைக்காது. பெரும்பாலும் சுழியமாக எடுத்துக்கொள்ளும், சில புலங்களில் ‘வரம்பில்லை’ என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் புலத்தில் எது என்று ஒரு சோதனைப் பதிவை வைத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

7. ஒரே கப்பல், பல பதிவுகள்

ஹெர்மிஸ் விமானந்தாங்கியைப் போல் பாடம் சொல்லும் கப்பல் வேறில்லை. 1959இல் பணிக்கு வந்தபோது அதில் விமானத்தை உந்திக் கிளப்பும் கவண் இருந்தது, இறங்கும் விமானத்தைப் பிடிக்கும் கம்பிகள் இருந்தன. 1971–73இல் அவற்றை எடுத்துவிட்டுத் தரைப்படையைச் சுமக்கும் கப்பலாக்கினார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் நீர்மூழ்கி எதிர்ப்பு வேலை. 1980–81இல் சீ ஹாரியர் போர் விமானத்துக்காக 12 பாகைச் சாய்தளம். 1982இல் பிரிட்டிஷ் படையணியின் கொடிக்கப்பல். 1987 மே 12 அன்று இந்தியக் கடற்படையில் விராட். 2017 மார்ச் 6இல் ஓய்வு. இரும்பு ஒன்றுதான், தரவுத்தளத்தில் குறைந்தது ஐந்து பதிவு, இரண்டு கொடி. விராட்டுக்குப் பின்னாளில் பராக் ஏவுகணை வந்ததால் அதை இன்னும் ஒரு முறை பிரிக்க வேண்டும்.

புதிய பதிவு எப்போது, பழையதைத் திருத்துவது எப்போது? விதி எளிது. கப்பல் உண்மையில் மாறியிருந்தால் புதிய ஐடி. கப்பல் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறியிருக்கிறது என்றால் அதே ஐடியில் திருத்தம். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கைவைத்ததால் கெட்டுப்போன தரவுத்தளங்கள் ஏராளம்.

பெயரும் ஏமாற்றும். ஜெனரல் பெல்கிரானோ 1938இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸாகப் பணிக்கு வந்து, 1951இல் அர்ஜென்டினாவுக்குப் போய், 1956இல்தான் இந்தப் பெயரைப் பெற்றது. பழைய பெயருக்கென்று ஒரு புலம் வையுங்கள், தேடுகிறவருக்குக் கிடைக்கும். ரகத்தின் பெயரை நம்பியும் நகலெடுக்காதீர்கள். அந்தப் போரில் டைப் 42 இரண்டு பக்கமும் இருந்தது. அர்ஜென்டினாவின் ஹெர்குலஸ், சாண்டிசிமா டிரினிடாட் இரண்டும் அதே ரகம். ஆனால் பிரிட்டிஷ் கப்பல்களில் இல்லாத எக்ஸோசெட்டை அர்ஜென்டினா தன் டைப் 42இல் பொருத்தியது.

8. விமானங்களின் ஆயுதச் சுமை

விமானம் வேறு, அது சுமந்து போகும் சுமை வேறு. சீ ஹாரியர் 1982இல் கொண்டுபோனது இரண்டு ஏஐஎம்-9எல் வான்போர் ஏவுகணைகள். நான்கு சுமக்கும் இரட்டைத் தாங்கி பின்னால் வந்தது, அதற்குத் தனிச் சுமைப் பதிவு, தனித் தொடக்கத் தேதி. அர்ஜென்டினாவின் சூப்பர் எடாண்டார் விமானத்துக்கு ஒரு சிறகின் கீழ் ஒரு ஏஎம்39 எக்ஸோசெட், எதிர்ச் சிறகில் எரிபொருள் தொட்டி. சமச்சீராக இருக்கட்டும் என்று இரண்டு ஏவுகணை போட்டுவிடாதீர்கள், விமானம் அந்தத் தூரம் போய்வர முடியாது.

குண்டுகளுக்கு ‘குறைந்தபட்ச வீழ்ச்சி உயரம்’ அல்லது ‘ஆயத்தமாகும் நேரம்’ என்று ஒரு புலம் இருக்கும். சுழியமாக விட்டால் விழுகிற குண்டெல்லாம் வெடிக்கும். பிரிட்டிஷ் படை கரையிறங்கிய சான் கார்லோஸ் கடல் பகுதியில் அர்ஜென்டினா விமானிகள் ஏவுகணைகளுக்குப் பயந்து மிகத் தாழப் பறந்து போட்ட குண்டுகளில் பல, கப்பலைத் துளைத்தும் வெடிக்கவில்லை. வெடிதூண்டி ஆயத்தமாக நேரம் போதவில்லை. அந்தப் புலம் இல்லாமல் அந்தப் போரை ஆடினால் பிரிட்டிஷ் கடற்படை இரண்டாம் நாளே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

9. தரவுத்தளத்தில் எழுதக்கூடாதவை

அர்ஜென்டினாவிடம் போரின்போது இருந்த ஏஎம்39 எக்ஸோசெட் மொத்தம் ஐந்தே ஐந்து. அந்த ஐந்தைத் தரவுத்தளத்தில் எழுதாதீர்கள், அது சினாரியோவின் சங்கதி. தரவுத்தளம் ‘இந்த விமானம் இந்த ஏவுகணையைச் சுமக்கும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். மறுபுறம், விமானத்தளத்தின் கிடங்கில் தானாக நிரம்பும் இயல்பு எண் 24 என்று வைத்திருந்தால் சினாரியோ எழுதுகிறவர் கவனிக்காமல் விட்டுவிடுவார். விலை உயர்ந்த, அரிதான ஆயுதங்களுக்கு இயல்பு எண்ணைச் சுழியமாக வையுங்கள். சுழியம் நல்லது செய்யும் மிகச் சில இடங்களில் இது ஒன்று.

ஷெஃபீல்ட் தாக்கப்பட்ட நேரத்தில் அதன் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அது எதிரி ரேடாரைக் கேட்கும் கருவிக்கு இடைஞ்சல் செய்தது. அதற்காகக் கேட்கும் கருவியின் திறனைத் தரவுத்தளத்தில் குறைத்துவிட்டால் மற்ற டைப் 42 கப்பல்கள் அத்தனையும் எல்லா நாளும் செவிடாகிவிடும். அன்றைய நிலையைச் சினாரியோவில் வையுங்கள். மாலுமிகளின் தேர்ச்சி, அன்றைய வானிலை, பழுதான கருவி எல்லாம் அப்படியே.

10. சோதனைக் களம்

வெறும் கடல், இரண்டு மூன்று கப்பல்கள் மட்டும் உள்ள சிறு சினாரியோக்கள் நான்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஓட்டுங்கள்.

முதலாவது, தனி டைப் 42 மேல் தாழப் பறக்கும் இரண்டு எக்ஸோசெட்: ரேடாரில் முதலில் தெரியும் தூரம் 28 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இரண்டாவது, உயரத்தில் ஆறு விமானம்: ஒரே நேரத்தில் இரண்டுதான் குறிவைக்கப்பட வேண்டும். மூன்றாவது, தொடர்ந்து இலக்குகளை அனுப்புங்கள்: 22 சீ டார்ட்டுக்குப் பின் கப்பல் அமைதியாக வேண்டும், 23ஆவது கிளம்பினால் கிடங்கும் பீடமும் இரட்டையாக எண்ணப்படுகின்றன என்று பொருள். நான்காவது, ஆறு கிலோமீட்டரில் நிற்கும் இலக்கை நோக்கி வேக அமைப்பில் மார்க் 8 டார்பிடோ: வழியிலேயே நின்றுவிட வேண்டும்.

தற்செயல் கலந்த முடிவுகளை ஒரு முறை ஓட்டிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இருபது முறையாவது ஓட்டி, பழைய பதிப்பின் இருபதோடு வைத்துப் பாருங்கள். ‘வரலாற்றில் மூழ்கியது, இங்கே மூழ்கவில்லை’ என்பதற்காக மட்டும் எண்ணை முறுக்காதீர்கள். நடந்தது ஒரே ஒரு முறை. அதுவே அடிக்கடி நடக்கக்கூடியதா, அபூர்வமா என்று அந்த ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது.

11. வெளியிடுதல்

தினமும் ஒரு பதிப்பு வெளியிட்டால் சினாரியோ எழுதுகிறவர்கள் உங்களை விட்டு ஓடிவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே கதவைச் சாத்துங்கள். அந்த வாரம் சோதனை மட்டும், புதிய கப்பல் எதுவும் உள்ளே வராது. ‘சின்ன மாற்றம்தான்’ என்று கடைசி இரவில் வருவதுதான் எல்லாவற்றையும் உடைக்கும்.

மாற்றப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் ஐந்து இருக்கட்டும்: ஐடி, புலம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, சான்று. ‘பல கப்பல்கள் மேம்படுத்தப்பட்டன’ என்று எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.

பழைய பதிப்புக் கோப்பை வெளியீட்டோடு சேர்த்தே கொடுங்கள். பாதி ஆட்டத்தில் இருப்பவர் பழையதில் முடித்துக்கொள்ளட்டும். பழைய சினாரியோவைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை எழுத்திலேயே தெரிவித்துவிடுங்கள்: மாற்றும்போது கப்பல்களின் கிடங்கும் விமானங்களின் சுமையும் தரவுத்தளத்தின் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். சினாரியோ ஆசிரியர் கையால் குறைத்து வைத்திருந்த அந்த ஐந்து எக்ஸோசெட் மாற்றத்துக்குப் பின்னும் ஐந்தாகவே இருக்கிறதா என்று முதலில் திறந்து எண்ணச் சொல்லுங்கள்.